பழைய காற்றுத் தொட்டியை நம்பலாமா?

கம்போங் மேடானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாமாவைக் கற்பனை செய்துகொள்வோம். பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வட்டாரத்துக்குப் போனவர்களுக்கு அப்படிப்பட்ட பட்டறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள், தரையில் எண்ணெய்க் கறை, மூலையில் 'டக டக' என்று ஓடும் காற்று கம்ப்ரசர்.

ஒரு நாள் மாமா பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கம்ப்ரசரை மலிவாக வாங்கி வருகிறார். மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் நீண்ட உருளைத் தொட்டியில் பெயிண்ட் உரிந்து, செந்நிறத் துரு படிந்திருக்கிறது. படிவம் 4-இல் படிக்கும் அக்காள் மகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்.

"மாமா, இது பாதுகாப்பா இருக்குமா?"

"மேலே கொஞ்சம் துருதான்டா. தேய்ச்சு பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

"சரி மாமா, உள்ளே எப்படி இருக்கும்?"

மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. மாணவர்களே, இந்த வாரம் நாம் விடை தேடப்போவது இந்தக் கேள்விக்குத்தான். விடை தெரியாமல் அந்த கம்ப்ரசரின் சுவிட்சைப் போட்டால் பட்டறையில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அடைபட்ட காற்றின் சக்தி

மாமாவின் தொட்டி 100 லிட்டர் கொள்ளளவு உடையது, உள்விட்டம் 40 சென்டிமீட்டர், சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமானி 8 பார் காட்டும்வரை அதில் காற்றை நிரப்புகிறோம். 'பிஎஸ்ஐ' கணக்கில் இது ஏறக்குறைய 116.

அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே இருப்பதை மட்டும்தான். வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்தால், உள்ளே உண்மையில் இருப்பது 9 பார். வெப்பநிலை மாறாதபோது ஒரு வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் ஒரே விடை வரும் என்று பாயில் விதி சொல்கிறது. பள்ளியில் 'ஹுக்கும் பாயில்' என்று படித்திருப்பீர்கள். அதன்படி, சாதாரணமாக 900 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் காற்று இந்த 100 லிட்டர் தொட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வழி கிடைத்தால் 800 லிட்டர் காற்று வெளியே பாயும்.

மெதுவாக, குழாய் வழியாகப் பாய்ந்தால் டயருக்குக் காற்று கிடைக்கும். தொட்டி கிழிந்து ஒரே நொடியில் பாய்ந்தால்? அப்போது வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டால் சுமார் 1 லட்சம் ஜூல் வருகிறது. 1000 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்கச் சக்தியும் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்தக் கார் பட்டறையின் மூலையில், இரும்புத் தகட்டுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் பாதி அழுத்தத்தில் ஓட்டுவோம்" என்று சிலர் சொல்வார்கள். 4 பாருக்கு இறக்கினாலும் சுமார் 46,000 ஜூல் உள்ளே இருக்கும். அதுவும் ஆளைக் கொல்லப் போதுமானதே.

சுவர் எப்படித் தாங்குகிறது?

தொட்டியின் ஒரு முனை மூடியை எடுத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பளவு சுமார் 0.126 சதுர மீட்டர். 8 பார் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 8 லட்சம் நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் அந்த மூடியை வெளியே தள்ளும் விசை 1 லட்சம் நியூட்டனைத் தொடுகிறது. ஏறக்குறைய 10 டன் பாரத்தை அந்த மூடி ஓசையில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

உருளையின் பக்கச் சுவரிலோ இழுவிசை இன்னும் கடுமையானது. அங்கே எஃகில் ஏற்படும் தகைவைக் காண ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர்த் தடிமனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் தொட்டிக்கு 0.8 மெகாபாஸ்கலை 400 மில்லிமீட்டரால் பெருக்கி 6-ஆல் வகுத்தால், சுமார் 53 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. நீளவாக்கில் ஏற்படும் தகைவு இதில் பாதிதான். சாசேஜை வறுக்கும்போது அது குறுக்கே அறுபடாமல் நீளவாக்கில் வெடித்துப் பிளப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கும் இதுதான் காரணம்.

சாதாரண மென் எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல்வரை நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும். ஆகவே 3 மில்லிமீட்டர் சுவர் உள்ள புதுத் தொட்டியிடம் நாலரை மடங்குக்கு மேல் பலம் கையிருப்பில் இருக்கிறது. இப்போது துரு சுவரை 1 மில்லிமீட்டராகத் தின்றுவிட்டது என்போம். தகைவு 160 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது. கையிருப்பு ஒன்றரை மடங்காகச் சுருங்குகிறது. 0.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் தகைவு 267 மெகாபாஸ்கல், அதாவது எஃகின் வரம்பைத் தாண்டிவிட்டது.

வெளியிலிருந்து பார்க்கும்போது இந்த மூன்று தொட்டிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெயிண்ட் அடித்தால் மூன்றுமே பளபளக்கும்.

துரு உள்ளிருந்து தின்கிறது

மாமா பார்த்தது வெளித்துரு. அதைவிட அஞ்சவேண்டியது உள்துரு. நம் நாட்டின் புழுக்கமான காற்று அதற்கு நன்றாகவே உதவுகிறது.

32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள 1 கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 25 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கி, மீண்டும் 32 டிகிரிக்குக் குளிரவிட்டால், அந்தச் சிறிய இடத்தில் 4 கிராமுக்கும் குறைவான நீராவிதான் தங்க முடியும். மிச்சமுள்ள 21 கிராம் தண்ணீராக மாறித் தொட்டியின் அடியில் சொட்டுகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை உறிஞ்சும் ஒரு கம்ப்ரசர் ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம் ஓடினால், காற்று குளிர்ந்தபின் ஏறத்தாழ ஒரு கிளாஸ் தண்ணீர் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. அது நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்தே வந்தது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று வேதியியலில் படிக்கிறோம். தண்ணீர் வந்துவிட்டது. ஆக்சிஜனோ, ஒவ்வொரு லிட்டரிலும் வெளிக்காற்றில் இருப்பதைப்போல் ஒன்பது மடங்கு இருக்கிறது. ஆகவே தொட்டியின் அடிவயிறு இரவும் பகலும் அரிக்கப்படுகிறது.

அரிப்பு எல்லா இடத்திலும் சமமாகவும் நடப்பதில்லை. துருச் செதில் ஒட்டிய இடத்துக்கு அடியில் ஆக்சிஜன் குறைவாகவும் சுற்றிலும் அதிகமாகவும் இருக்கும். இந்த வேறுபாடு ஒரு சிறு மின்கலம்போலச் செயல்பட்டு, செதிலுக்கு அடியில் இருக்கும் இரும்பைக் குழிகுழியாகத் தோண்டுகிறது. இந்தக் குழிகள் ஊசித் துளையாகி 'உஸ்' என்று காற்று கசிந்தால் அது நல்ல நேரம். தொட்டி நம்மை எச்சரித்துவிட்டது. பல குழிகள் ஒரே வரிசையில் சேர்ந்து, அல்லது ஒரு பட்டையாகவே சுவர் மெலிந்து போனால், எச்சரிக்கை இல்லாமல் கிழியலாம்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. தொட்டி ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் சுவர் மிகச் சிறிதளவு விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிவதுபோல, ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கிய பற்றவைப்பு இணைப்புகளில் மெல்லிய விரிசல் விழலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரங்களை இன்னும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய பெருவெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சேற்று நீரில் கிடந்த தொட்டியின் கால்கள் பற்றவைக்கப்பட்ட மூலைகளில் ஈரம் நீண்ட நாள் தங்கி வெளியிலிருந்தும் அரித்திருக்கலாம்.

"பாதுகாப்பு வால்வு இருக்கிறதே!"

பலர் நம்பியிருப்பது இந்த வால்வைத்தான். வால்வு மிக முக்கியமானது என்பதில் சந்தேகமில்லை. சுவிட்ச் பழுதாகி கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால், அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது வால்வு திறந்து காற்றை வெளியேற்றும்.

ஆனால் அந்த வரம்பு தொட்டி புதிதாக இருந்தபோது குறிக்கப்பட்டது. வால்வு அழுத்தத்தை மட்டும்தான் அறியும். சுவரின் தடிமனை அறியாது. 10 பாரில் திறக்கும் வால்வு, 7 பாருக்கே தாங்காத அளவுக்கு மெலிந்துவிட்ட தொட்டியைக் காப்பாற்ற முடியாது. வால்வு திறப்பதற்கு முன்பே தொட்டி கிழிந்துவிடும்.

சோதனை எப்படி நடக்கிறது?

தேர்ச்சிபெற்ற ஒருவர் இந்தத் தொட்டியைச் சோதிக்க வந்தால் என்ன செய்வார் என்று பார்ப்போம். இதைப் படித்துவிட்டு நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

முதலில் அவர் தேடுவது பெயர்த்தகடு. தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, கொள்ளளவு என்ன, எவ்வளவு அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத தொட்டி பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஆள் மாதிரி. அதன் வயதும் பலமும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானி பூஜ்யம் காட்டுவதை உறுதிசெய்வார். பிறகு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறப்பார். தெளிந்த நீர் வந்தால் ஓரளவு ஆறுதல். செம்மண் குழம்புபோல் துருத்தூளும் செதிலும் கொட்டினால், அந்த இரும்பெல்லாம் ஒரு காலத்தில் சுவராக இருந்தது என்று பொருள். துளை வழியாகச் சிறு கேமராவை நுழைத்து உட்புறத்தையும் பார்ப்பார்.

பின்னர் தடிமனை அளப்பார். தகட்டை அறுக்காமலே இதைச் செய்ய ஒலி உதவுகிறது. காதுக்குக் கேட்காத மீயொலியைச் சுவருக்குள் அனுப்பினால் அது மறுபக்கத்தில் மோதி எதிரொலிக்கும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 3 மில்லிமீட்டர் சுவரில் போய்த் திரும்ப 6 மில்லிமீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுவர் 1 மில்லிமீட்டராக மெலிந்திருந்தால் எதிரொலி அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே வந்துவிடும். கருவி அந்த நேரத்தைத் தடிமனாக மாற்றித் திரையில் காட்டும். அடிப்பகுதியிலும் பற்றவைப்பு ஓரங்களிலும் பல புள்ளிகளில் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு 'சரி' என்று சொல்வது, ஒரு மாணவரைக் கேள்வி கேட்டுவிட்டு வகுப்பு முழுவதும் தேறிவிட்டது என்று சொல்வதுபோல.

சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுத் தீர்மானிக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. காற்று நிறைந்திருக்கும் பழைய தொட்டியை ஒருபோதும் தட்டக் கூடாது. மெலிந்த இடத்தில் விழும் ஓர் அடியே போதும்.

தண்ணீரால் ஏன் சோதிக்கிறார்கள்?

கடைசிச் சோதனை நீரழுத்தச் சோதனை. தொட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் 1.3 முதல் 1.5 மடங்குவரை பம்பால் ஏற்றி, கசிகிறதா, வீங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

காற்றாலேயே சோதித்தால் என்ன? காற்று அமுங்கும், தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது. 12 பாரில் 100 லிட்டர் தண்ணீர் வெறும் 33 ஜூல் சக்தியைத்தான் சேர்த்துவைக்கிறது. எஃகுச் சுவர் விரிவதால் சேரும் சக்தியையும் கூட்டினால்கூட 100 ஜூலை எட்டாது. காற்றில் 1 லட்சம், தண்ணீரில் 100-க்கும் கீழே! சோதனையில் தொட்டி கிழிந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்து, அழுத்தம் உடனே இறங்கிவிடும். தகடு பறந்து வராது. உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால்தான் அதை முழுவதும் வெளியேற்றுகிறார்கள்.

நீரழுத்தச் சோதனையில் தேறினாலும், தொட்டி இன்றைக்குத் தாங்கியது என்பது மட்டுமே தெரியும். துரு நாளைக்கும் தின்னும். அதனால்தான் தடிமனும் அளக்கப்பட வேண்டும், சோதனை மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும்.

சட்டம் பிறந்த கதை

அழுத்தக் கலன்களுக்கான விதிகள் பல இடங்களில் பெரும் இழப்புகளுக்குப் பிறகே எழுதப்பட்டன. 1905 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிராக்டன் நகரிலிருந்த குரோவர் காலணித் தொழிற்சாலையில் பழைய கொதிகலன் ஒன்று வெடித்தது. அது மாற்றுக்காக வைத்திருந்த பழைய கலன். அன்று அதை இயக்கியிருந்தார்கள். கட்டடம் இடிந்து தீப்பிடித்ததில் 58 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த மாநிலம் கொதிகலன் சட்டங்களைக் கொண்டுவந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும் கொதிகலன்களுக்கான தன் முதல் விதித்தொகுப்பை உருவாக்கியது. இன்று உலகின் பல நாடுகளில் அழுத்தக் கலன்களை வடிவமைக்க அந்தத் தொகுப்பின் வழிவந்த விதிகள் பயன்படுகின்றன.

நம் சிலாங்கூர் அதற்கும் முன்பே விழித்துக்கொண்டது. ஈயச் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், 1892-இலேயே சிலாங்கூர் கொதிகலன் சட்டம் நடப்புக்கு வந்தது. விடுதலைக்குப் பிறகு 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் வந்தது. நெருப்பில் சூடாக்கப்படாத அழுத்தக் கலன்கள் என்ற வகையில் காற்றுத் தொட்டிகளும் அதன்கீழ் அடங்கின. அவற்றுக்கு 'பிஎம்டி' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மலாயில் 'பெராக்குவான் கெலாயாக்கான்' எனப்படும் தகுதிச் சான்றிதழும் வழங்கப்பட்டன. 2024 ஜூன் 1-ஆம் தேதி அந்தச் சட்டம் அகற்றப்பட்டு, தகுதிச் சான்றிதழ் பற்றிய விதிகள் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. இதைக் கவனிப்பது 'ஜேகேகேபி' என்று நாம் அறிந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை.

அடுத்த முறை டயருக்குக் காற்றடிக்கப் போகும்போது கம்ப்ரசர் தொட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். 'பிஎம்டி' எண் கண்ணில் பட்டால், அந்தத் தொட்டி ஒரு காலத்தில் முறைப்படி பதிவானது என்று தெரிந்துகொள்ளலாம். சான்றிதழ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது அடுத்து கேட்கவேண்டிய கேள்வி.

மாமா என்ன முடிவு செய்வார்?

மீண்டும் நம் பட்டறைக்கு வருவோம். பெயர்த்தகட்டைத் தேடினால், அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டுமே இருக்கின்றன. வடிகால் திருகைத் திறந்தால், ஒரு கோப்பை செங்குழம்பும் நகக்கண் அளவு செதில்களும் விழுகின்றன. அக்காள் மகன் ஒரு செதிலை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைக்கிறான்.

"பெயிண்டை வெளியேதானே மாமா அடிக்க முடியும்?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெல்டிங் வச்சு ஒட்டுப் போட்டா?" என்று கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டிக்கொள்கிறார். மெலிந்த தகட்டில் பற்றவைத்தால் சூட்டில் பக்கத்து இரும்பும் பலவீனமாகலாம். ஓர் ஓட்டை அடைபடும். அடுத்த ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

நல்ல செய்தி என்னவென்றால் மாமாவின் பணம் முழுவதும் வீணாகவில்லை. மோட்டாரையும் பம்ப் தலையையும் கழற்றி, சான்றிதழ் உள்ள பொருத்தமான புதிய தொட்டியில் தெரிந்தவரைக் கொண்டு மாட்டலாம். பழைய தொட்டியை அப்படியே இரும்புக் கடைக்குத் திருப்பி அனுப்பினால், அதே பெயிண்ட் யோசனையோடு இன்னொருவர் வாங்கிப் போவார். ஆகவே அழுத்தம் துளியும் இல்லை என்று உறுதிசெய்தபின், அதன் வயிற்றில் பெரிய துளைகள் போட்டு, இனி காற்றே பிடிக்க முடியாதபடி ஆக்கித்தான் அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, அப்பாவின் பட்டறையிலோ கம்ப்ரசர் இருந்தால், மூன்று கேள்விகளைப் பெரியவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். தகடும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிக்கிறீர்களா? சுவரின் தடிமனைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்? நீங்களாகத் திருகுகளைத் தொட வேண்டாம். கேட்டாலே போதும். மாமாவின் பட்டறையில் சுவிட்ச் போடப்படாமல் நின்றதற்குக் காரணமும் படிவம் 4 மாணவன் கேட்ட ஒரு கேள்விதானே!